ஒரு சாண் கண்ணனுக்கு உடை தைக்கும் ஊர்

பிருந்தாவனத்துச் சந்துகளில் வெட்டுத் துணியும் உதிர்ந்த மயிலிறகும் உள்ளங்கை அளவு ராஜ உடைகளாகின்றன. அணிபவன் கண்ணன். தைப்பவர்களில் பலர் முஸ்லிம்கள்.

பிருந்தாவனத்தின் லோயி பஜாரில் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை நம்பர்?" என்பதுதான். செருப்புக் கடை என்று நினைத்துவிட வேண்டாம். இது கடவுளுக்குத் துணி எடுக்கும் கடை. நம்பர் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. பூஜ்யம் நம்பர் உடையை உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிடலாம். நம்பர் ஏற ஏற உடை விரியும். பெரிய நம்பர்களில் ஒன்றை விரித்தால் சாப்பாட்டுத் தட்டு மறைந்துவிடும்.

எல்லாம் லட்டு கோபாலுக்காக. ஒரு கையில் லட்டு (வெண்ணெய் உருண்டை என்பாரும் உண்டு), மறு கையைத் தரையில் ஊன்றி, ஒரு முழங்காலை மடக்கித் தவழும் பித்தளைக் குழந்தை. வட இந்தியாவின் லட்சக்கணக்கான வீடுகளில் இந்தக் குழந்தை குடும்ப உறுப்பினன். காலையில் எழுப்புகிறார்கள், குளிப்பாட்டுகிறார்கள், பால் வைக்கிறார்கள், உடை மாற்றுகிறார்கள், இரவில் கொசுவலை கட்டிய கட்டிலில் படுக்க வைக்கிறார்கள். ஊருக்குப் போனால் பிரம்புக் கூடையில் அவனையும் உட்கார வைத்து ரயில் ஏறுகிறார்கள். அதனால் நம்பர் தெரியாத வாடிக்கையாளர்களும் கவலைப்படுவதில்லை. துண்டில் சுற்றிய கூடையைத் திறந்து குழந்தையை மேசை மேல் வைப்பார்கள். கடைக்காரர் இரண்டு மூன்று உடைகளைப் போட்டுப் பார்த்து அளவு சொல்லிவிடுவார். இடுப்பில் கொஞ்சம் இறுக்கம், பின்னால் நாடா எட்டவில்லை, இந்த மஞ்சள் இவன் நிறத்துக்கு எடுப்பாக இல்லை என்றெல்லாம் பேச்சு நடக்கும். துணிக்கடையில் பிள்ளையை நிற்க வைத்துக்கொண்டு நம் வீட்டுப் பெண்கள் பேசும் அதே பேச்சு.

இந்தப் பாசத்தை எள்ளி நகையாடுவது சுலபம். 2021 நவம்பரில் ஆக்ராவின் அரசு மருத்துவமனைக்கு ஒரு பூசாரி அழுதுகொண்டே வந்தார். குளிப்பாட்டும்போது கை தவறி விழுந்து, லட்டு கோபாலின் கை உடைந்துவிட்டதாம். மருத்துவமனை 'ஸ்ரீ கிருஷ்ணா' என்ற பெயரில் சீட்டுப் பதிந்து கட்டுப் போட்டு அனுப்பியது. செய்தியைப் படித்துப் பலர் சிரித்தார்கள். ஆனால் கண்ணனைக் கைக்குழந்தையாக்கிக் கொஞ்சுவதில் வடக்கே உள்ளவர்களுக்கு நாம் இளைத்தவர்கள் அல்ல. தாலாட்டு, செங்கீரை, சப்பாணி என்று வரிசையாகப் பாடிய பெரியாழ்வார், கண்ணனைக் கூப்பிட்டுப் பூச்சூட்டவும், கண்ணேறு படாமல் காப்பிடவும் தனித்தனிப் பதிகங்களே பாடி வைத்திருக்கிறார். அவர் சொல்லால் செய்ததை லோயி பஜார் ஊசியால் செய்கிறது.

சென்னையிலிருந்து டில்லி செல்லும் ரயில் பாதையில், டில்லிக்கு சுமார் 140 கி.மீ. முன்னால் இருக்கிறது மதுரா சந்திப்பு. அங்கிருந்து 12 கி.மீ. போல வடக்கே பயணித்தால், யமுனைக் கரையில் பிருந்தாவனம். பேட்டரி ரிக்ஷாக்கள் ஹாரன் அடிப்பதோடு நில்லாமல் "ராதே ராதே" என்று குரல் கொடுத்தும் வழி கேட்கின்றன. ஊருக்குள் நுழைந்ததும் எச்சரிக்கை ஒன்று கிடைக்கும்: மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இங்குள்ள குரங்குகள் கண்ணாடியைப் பறிப்பதில் கைதேர்ந்தவை. பழச்சாறு பாக்கெட் ஒன்றை வீசினால் கண்ணாடி திரும்பக் கிடைக்கும். கண்ணை நம்பிப் பிழைக்கும் தொழிலாளர்கள் நிறைந்த ஊரில் இப்படியொரு வழிப்பறி.

கோவில்களைச் சுற்றியுள்ள தெருக்களில் துளசி மணி மாலை, பேடா, புல்லாங்குழல், சந்தனக் கட்டை எல்லாம் உண்டு. ஆனால் கண்ணைப் பறிப்பவை உடைக் கடைகள்தான். சுவர் முழுக்க வட்ட வட்டமாகத் தொங்கும் பட்டு, சாட்டின், வெல்வெட், வலைத்துணி. கண்ணாடிப் பெட்டிகளில் கடுகளவு முத்து கோத்த மாலை, கட்டை விரல் அளவு தலைப்பாகை, கிரீடம், கொலுசு, குடை, விசிறி, ஊஞ்சல், மெத்தை. குளிர்காலத்துக்குக் கையால் பின்னிய கம்பளிச் சட்டை, குல்லா, பஞ்சு அடைத்த ரஜாய். சில பத்து ரூபாயில் பருத்தி உடை கிடைக்கும். கல்லும் ஜரிகையும் நெருக்கிப் பதித்த உடை ஆயிரங்களைத் தொடும். கோவில் மூர்த்திகளுக்கென்று சொல்லித் தைக்கும் உடைகளின் கணக்கே வேறு.

உடைகள் எல்லாம் வட்டமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தவழும் குழந்தைச் சிலைக்குச் சட்டை மாட்ட முடியாது. உலோகக் கை மடங்காது, கால் நீளாது. நடுவில் துவாரம் விட்ட வட்டத் துணியைப் பின்பக்கம் பிளந்து, நாடா வைத்து இடுப்பில் கட்டிவிட்டால், அது தரையில் பூப்போலப் பரந்து குழந்தையைத் தாங்கிக்கொள்ளும். மேலுக்கு ஒரு சிறு கச்சு. தையல் விதிகளைச் சிலையின் உருவம் வகுத்திருக்கிறது. அலங்காரம் முழுவதும் வட்டத்தின் விளிம்பை நோக்கிப் போவதும் இதனால்தான். பார்ப்பவர் கண்ணில் படுவது விளிம்பு மட்டுமே.

கடை வெளிச்சத்தை விட்டு நகர்ந்து பட்டறைக்குப் போனால் வேறு உலகம். சின்ன அறை. தரையில் இருந்து முக்கால் முழ உயரத்தில் ஒரு மரச் சட்டம். இதற்குப் பெயர் அட்டா. நான்கு பக்கமும் நூலால் இழுத்துக் கட்டிய துணி மத்தளத் தோல் போல விறைத்து நிற்கிறது. இரண்டு பக்கமும் சம்மணமிட்டு ஆட்கள். முதலில் காகிதத்தில் கோலம் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகத் துளை இடுகிறார்கள். அந்தக் காகிதத்தைத் துணி மேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்தால், துளை வழியாக இறங்கிய புள்ளிகள் துணியில் கோலமாகின்றன. நம் வாசல் கோலத்துக்குத் துளைக் குழல் உருட்டுவோமே, ஏறத்தாழ அதே வித்தை. பிறகு ஆரி வருகிறது. ஆரி என்பது நுனியில் கொக்கி உள்ள ஊசி. மேல் கை ஆரியைக் குத்த, துணிக்கு அடியில் மறைந்திருக்கும் மறு கை நூலை ஊட்டுகிறது. அடியில் உள்ள கையைக் கண் பார்ப்பதில்லை, அதற்குப் பழக்கம்தான் வழிகாட்டி.

பெரிய உடையில் ஒரு தையல் அரை மில்லி மீட்டர் விலகினால் யாருக்கும் தெரியாது. பூஜ்யம் நம்பரில் அதே விலகல் பூவின் ஓர் இதழையே விழுங்கிவிடும். சின்ன உடைக்குச் சின்ன உழைப்பு என்று வெளியாட்கள் நினைப்பது தவறு. துணி குறையும், வேலை குறையாது. சுருள் கம்பியாக வரும் தப்காவைக் கத்தரியால் அரிசியில் பாதி அளவுக்கு நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் மணி கோப்பது போல ஊசியில் கோத்துப் பதிக்க வேண்டும். துண்டு பறந்தால் அதைத் தேடுவதற்குள் இன்னொன்றை நறுக்கிவிடலாம். ஆனால் அப்படிச் செய்தால் சாயங்காலம் கணக்கு உதைக்கும். பட்டறைத் தரையைக் கூட்டி அள்ளும் குப்பையையும் சலித்துப் பார்த்துத்தான் கொட்டுகிறார்கள்.

வீணடிப்பது என்பது இந்தத் தொழிலின் அகராதியில் இல்லை. இழுத்துக் கட்டிய ஒரே துணியில் பல வட்டங்களை நெருக்கி வரைகிறார்கள். வட்டத்துக்கும் வட்டத்துக்கும் இடையே முக்கோணமாக மிஞ்சும் துணி தலைப்பாகையாகிறது. அதிலும் மிஞ்சுவது தலையணை உறையாகும். தையற்கடைகளின் வெட்டுத் துணிக்கு இந்தியில் கத்ரன் என்று பெயர். அதை மூட்டை கட்டி எடைக்கு விற்பது வட இந்தியா எங்கும் உள்ள வியாபாரம். மனிதருக்கு ரவிக்கை தைத்த மிச்சத்தில் ஒரு சாண் கடவுளுக்கு முழு உடையே கிடைத்துவிடும். வீட்டில் தாங்களே தைத்துப் போடுகிறவர்கள் பழைய பட்டுப் புடவையின் கரையைத் தேடுகிறார்கள். கிழிந்த கல்யாணப் புடவைக்கு இதைவிட நல்ல கதி இருக்க முடியாது. நம் ஊரில் பழைய பட்டுப் புடவையை எடைக்கு வாங்கி, ஜரிகையை எரித்து வெள்ளி எடுப்பார்கள். இங்கே அதே ஜரிகை எரியாமல் தப்பித்துக் கண்ணன் இடுப்பில் ஏறிக்கொள்கிறது.

கண்ணனின் தலையில் செருகும் மயிலிறகும் இயற்கை உதிர்த்த மிச்சம்தான். மயில் 1963இல் தேசியப் பறவையானது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதை வேட்டையாடுவது குற்றம். ஆனால் தானாக உதிர்ந்த தோகை இறகை வைத்துக்கொள்ளவும் நாட்டுக்குள் விற்கவும் சட்டம் இடம் கொடுத்தது. ஏற்றுமதிக்குத்தான் தடை. மழைக்காலக் காதல் பருவம் முடியும்போது மயில்கள் தோகையை உதிர்க்கின்றன. கோகுலாஷ்டமி வருவதும் அந்தச் சமயத்தில்தான். கிருஷ்ண ஜெயந்திக்கு அலங்காரப் பொருள் சப்ளை செய்யும் பொறுப்பை மயில்களே எடுத்துக்கொண்டது போலிருக்கும். ஒரு முழ நீள இறகிலிருந்து இந்தக் கடைகளுக்குத் தேவை நுனிக் கண் மட்டுமே. அதையும் கத்தரித்துச் சுண்டு விரல் நகம் அளவாக்கினால்தான் பூஜ்யம் நம்பர் கிரீடத்துக்குப் பொருந்தும்.

பட்டறையில் புழங்கும் சொற்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு. கண்ணனின் உடைக்கு இந்த ஊர் சொல்லும் பெயர் போஷாக். அது பாரசீகச் சொல். ஜர்தோஜியும் அப்படியே: ஜர் என்றால் பொன், தோஜி என்றால் தைத்தல். பளபளக்கும் சிறு வில்லைகளுக்குப் பெயர் சிதாரா, பாரசீகத்தில் நட்சத்திரம். நம்முடைய ஜரிகையும் அந்த 'ஜர்' வீட்டுப் பிள்ளைதான். காஞ்சிபுரத்துக் கல்யாணப் புடவையைப் பற்றிப் பேசும்போது பாரசீகம் பேசுகிறோம் என்று நாம் நினைப்பதில்லை. கிருஷ்ணனுக்குப் போஷாக் என்று சொல்லும்போது பிருந்தாவனத்துக்காரரும் நினைப்பதில்லை. சொற்கள் இப்படிக் கலந்து நிற்பதற்கு ஊரின் வரலாறே சாட்சி. செந்நிறக் கல்லில் எழுந்த கோவிந்த தேவர் கோவிலை 1590இல் கட்டி முடித்தவர் அக்பரின் தளபதியான ஆம்பேர் மன்னர் மான்சிங். ஔரங்கசீப் காலத்தில் அந்தக் கோவிலின் மூர்த்தியைப் பாதுகாப்புத் தேடி வெளியே கொண்டுபோனார்கள். கடைசியில் ஜெய்ப்பூர் சேர்ந்த மூர்த்தி இன்றும் அங்கேதான் இருக்கிறார். கட்டுவித்த தர்பாரும் அதுவே, ஓட வைத்த தர்பாரும் அதுவே.

உடைக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவைச் சொல்லும் கதை ராதாரமணர் கோவிலில் இருக்கிறது. அதன் நாயகர் நம் ஊர்க்காரர் என்பது தமிழர் பலருக்குத் தெரியாது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாட்டு யாத்திரை வந்த சைதன்யர், மழைக்காலத்தின் நான்கு மாதங்களை ஸ்ரீரங்கத்தில் வேங்கட பட்டர் என்ற வைணவரின் வீட்டில் கழித்தார். அந்த வீட்டுப் பிள்ளை கோபால பட்டர் பின்னாளில் பிருந்தாவனம் வந்து, சைதன்ய மரபின் ஆறு கோஸ்வாமிகளில் ஒருவரானார். அவர் பூஜித்தவை சாளக்கிராமக் கற்கள்.

ஒருநாள் செல்வந்தர் ஒருவர் கோபால பட்டரிடம் அழகான உடைகளையும் நகைகளையும் காணிக்கையாகக் கொடுத்துவிட்டுப் போனாராம். உருண்டைக் கல்லுக்கு உடையை எங்கே போடுவது? கை இல்லை, இடுப்பு இல்லை, வளையல் மாட்ட மணிக்கட்டு இல்லை. மற்றக் கோவில்களில் எல்லாம் அலங்காரம் நடக்க, தம் கண்ணனுக்கு மட்டும் அந்தச் சுகம் இல்லையே என்று ஏங்கியபடி இரவில் படுத்தார். காலையில் பார்த்தால் சாளக்கிராமங்களில் ஒன்று குழலூதும் கண்ணனாக வடிவெடுத்திருந்தது. 1542ஆம் ஆண்டு, வைகாசிப் பௌர்ணமி என்று நாள் குறித்து வைத்திருக்கிறார்கள். உயரம் ஏறத்தாழ ஓர் அடி. பக்கத்தில் ராதைக்கு உருவம் இல்லை. ஒரு கிரீடம்தான் ராதையாக வீற்றிருக்கிறது. கடவுள் பக்தனுக்காகத் தூணிலிருந்து வந்த கதை நமக்குத் தெரியும். உடை உடுத்திக்கொள்வதற்காகக் கல்லிலிருந்து வந்த கதை இதுதான். ஸ்ரீரங்கத்து மனம் ஒன்று பிருந்தாவனத்தில் இப்படி ஏங்கியதில் வியப்பில்லை. பெருமாளின் அலங்காரத்தைப் பார்த்து வளர்ந்த கண் அது.

துணி என்பது ஆடையின் ஒரு வகைதான் என்பதைக் கோடையில் இங்கே பார்க்கலாம். வெப்பமானி 45 டிகிரியை நெருங்கும் நாட்களில் பட்டும் வெல்வெட்டும் அலமாரிக்குள் போய்விடும். அட்சய திருதியை அன்று சைதன்ய மரபுக் கோவில்களில் மூர்த்திகளுக்குச் சந்தனமே உடை. வாரக் கணக்கில் கல்லில் இழைத்துச் சேர்த்த சந்தனத்தில் குங்குமப்பூவைக் குழைத்து நிறம் ஏற்றுகிறார்கள். மேனி முழுதும் அதைப் பூசி, மடிப்பு, கரை, பூவேலை எல்லாம் விரலாலும் குச்சியாலும் வரைகிறார்கள். நம் ஊர்ச் சந்தனக் காப்புக்கு நெருங்கிய உறவு. ஆனால் இங்கே பாவாடை மடிப்பும் கச்சின் நாடாவும் கூடச் சந்தனத்தில் தெரியும். சாயங்காலத்துக்குள் ஓரம் வெடிக்கத் தொடங்கும். ஒரு நாள் ஆயுள் கொண்ட உடை.

பாங்கே பிஹாரி கோவிலில் அன்று வேறொரு விசேஷம். ஆண்டில் அந்த ஒரே நாள்தான் மூர்த்தியின் பாதங்களைப் பார்க்க முடியும். மற்ற நாட்களில் உடை பாதம் வரை மறைத்திருக்கும். 1864இல் கட்டிய இந்தக் கோவிலில் சன்னிதித் திரையைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இழுத்து மூடித் திறப்பார்கள். அவன் கண்ணை யாரும் தொடர்ந்து பார்த்துவிட்டால், அவன் பின்னாலேயே போய்விடுவான் என்று ஒரு நம்பிக்கை. சித்திரை மாத வாக்கில் ஏகாதசியன்று தொடங்கி ஆடி அமாவாசை போல வரும் ஹரியாலி அமாவாசை வரை மாலைதோறும் பூ பங்களா. மல்லிகை வகைகளும் சாமந்தியும் ரோஜாவும் வாழைப்பட்டையும் கொண்டு சன்னிதியையே பூமாளிகையாக்குகிறார்கள். அடுத்து ஆடிப் பிறையில் பச்சை உடை, பொன் ஊஞ்சல். வசந்த பஞ்சமிக்கு மஞ்சள். சரத் பௌர்ணமிக்கு வெள்ளை. பஞ்சாங்கம் பார்க்காமல் கடைத் தெருவில் தொங்கும் நிறத்தை வைத்தே மாதம் சொல்லிவிடலாம்.

இவ்வளவு பூவும் அடுத்த நாள் என்னாகிறது என்ற கேள்விக்கும் ஊர் ஒரு விடை கண்டிருக்கிறது. கணவனை இழந்து, வீட்டை விட்டு வந்து இங்கே தங்கியிருக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. வங்காளத்திலிருந்து வந்தவர்கள் அதிகம். 2018இல் மத்திய அரசு கட்டித் திறந்த கிருஷ்ணா குடீர் இல்லத்தில் ஆயிரம் பேர் தங்க இடம் உண்டு. கோவிலில் வாடிய மலர்களை உலர்த்தி ஊதுபத்தி செய்யும் வேலை இப்படிப்பட்ட பெண்களில் சிலருக்கு வருமானம் தருகிறது. ஒருமுறை அணிந்த துணி உடைகளும் குப்பைக்குப் போவதில்லை. பிரசாத வஸ்திரமாகப் பக்தர்கள் வாங்கிப் போய்ப் பெட்டியில் வைத்துக்கொள்கிறார்கள்.

தமிழ் யாத்ரீகர்கள் தவறாமல் போகும் இடம் ரங்கஜி கோவில். இந்தி பேசும் ஊரின் நடுவில் திடீரென்று ஒரு ராஜகோபுரம். மதுராவின் சேட் குடும்பத்தினர் கட்டி 1851இல் முடித்தது. 45 லட்சம் ரூபாய் செலவானதாக, அந்த நூற்றாண்டில் மதுராவின் கலெக்டராக இருந்த க்ரௌஸ் எழுதி வைத்திருக்கிறார். உள்ளே கோதையுடன் ரங்கமன்னார். நாச்சியார் திருமொழியின் கடைசிப் பதிகத்தில் ஒவ்வொரு பாட்டிலும் விருந்தாவனத்தைச் சொல்லிச் சொல்லி முடித்தவள் ஆண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரை விட்டு அகலாமல் இந்த ஊரைக் கண்டவளுக்கு இங்கே ஒரு வீடு கிடைத்திருப்பது பொருத்தம்தான். தன் மாலையைச் சூடிப் பார்த்துக் கொடுத்தவளின் ஊர்வழியும், ஒரு சாண் பிள்ளைக்கு உடை போட்டுப் பார்த்து வாங்கும் லோயி பஜாரும் ஒரே சிந்தனையின் இரு கிளைகள்.

ஆனால் கடைத் தெருவின் மினுமினுப்பில் கரைந்து போகும் விஷயங்களும் உண்டு. எம்பிராய்டரித் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் இல்லை, உருப்படிக் கூலிதான். வேலை உள்ளபோது இரவு பகல் பார்க்க முடியாது, இல்லாதபோது கேட்க ஆளில்லை. அட்டாவின் மேல் குனிந்தே இருப்பதால் முதுகும் கழுத்தும் முதலில் மனு கொடுக்கும். பிறகு கண். நாற்பதைத் தாண்டியவர்கள் பெரிய நம்பர்களுக்கு மாறிக்கொள்வதும், பூஜ்யமும் ஒன்றும் இளைஞர்கள் கைக்குப் போவதும் பட்டறையின் சொல்லப்படாத விதி. 2020இல் ஊரடங்கு வந்து கோவில் கதவுகள் மூடியபோது, யாத்ரீகர்களை நம்பிய இந்தத் தொழிலின் ஆதாரமே ஆடிப்போனது.

அதைவிட மெல்ல வந்து, வந்தபின் போகாமல் உட்கார்ந்துவிட்டது இயந்திரம். கணினி எம்பிராய்டரி ஒரே மூச்சில் டஜன் கணக்கில் வட்டங்களைத் தைத்துத் தள்ளுகிறது. ஒட்டுப் பசைத் துப்பாக்கி பிளாஸ்டிக் கல்லை ஒரு நொடியில் ஒட்டிவிடுகிறது. கையில் தைத்தால் அதே கல்லுக்கு நான்கு முறை ஊசி ஏறி இறங்க வேண்டும். வாங்குகிறவர் வித்தியாசம் பார்க்க வேண்டுமானால் உடையைத் திருப்பிப் போட வேண்டும். கைவேலையின் பின்பக்கத்தில் முடிச்சும் நூலோட்டமும் தெரியும். ஒட்டு வேலையின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். இரண்டு முறை குளிப்பாட்டுத் தண்ணீர் தெறித்தால் கல் உதிரும். ஆனாலும் தினம் ஓர் உடை மாற்ற நினைக்கும் குடும்பத்துக்கு மலிவான உடைதான் கட்டுப்படியாகும். லட்டு கோபால் பக்தி பெருகியிருப்பதால் வியாபாரம் பெருகியிருக்கிறது. ஆனால் அது அட்டாவுக்கு வந்து சேர்வதில்லை என்பதுதான் முரண்.

இந்த அட்டாக்களைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் பெரும் பகுதி முஸ்லிம்கள். தந்தை மகனுக்கும் சித்தப்பா அண்ணன் மகனுக்கும் சொல்லிக்கொடுத்து வந்த கைத்தொழில். பட்டறைப் பையன் மூத்தவரைச் சாச்சா என்கிறான். கடை முதலாளி அவரையே பாய் என்கிறார். அவர் பதிலுக்குச் சொல்வது "ராதே ராதே"தான், ஊர் வழக்கப்படி. கோகுலாஷ்டமிக்குப் பீதாம்பரம் எந்த மஞ்சளில் இருக்க வேண்டும், ராதாஷ்டமிக்கு என்ன பூ வேண்டும், மயில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை இவர்களிடம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

2025 மார்ச்சில் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு சோதனை வந்தது. முஸ்லிம்கள் தைத்த உடைகளைப் பாங்கே பிஹாரிக்கு அணிவிக்கக் கூடாது என்று ஓர் அமைப்பு கோவிலுக்குக் கோரிக்கை வைத்தது. கோவிலின் கோஸ்வாமிகள் அதை ஏற்கவில்லை. கைவினைஞரை மதத்தை வைத்துப் பார்க்கும் வழக்கம் இந்தக் கோவிலில் இல்லை என்பது அவர்கள் நிலை. டில்லித் தலைப்புச் செய்திகளில் அது ஒரு நாள் கூத்து. பட்டறைகளில் அப்படியில்லை. வேலை செய்யும் கையைப் பார்த்து யாரும் பெயர் கேட்டதில்லை என்ற நம்பிக்கையில் வாழ்ந்தவர்களுக்கு, கேட்கவும் முடியும் என்று தெரிந்துவிட்டது. அடுத்த முறை மறுக்கும் துணிவு யாருக்காவது இருக்குமா என்பது அவர்களின் கவலை. உருப்படிக் கூலிக்காரருக்கு வழக்கு மன்றம் போக நேரம் இல்லை. ஆர்டர் குறைந்தால் காரணம் கேட்கவும் முடியாது, கேட்டால் யாரும் சொல்லப் போவதும் இல்லை.

கடைகளுக்கு வேறு கவலை. 2022 ஆகஸ்டில் கோகுலாஷ்டமி நெரிசலில் பாங்கே பிஹாரி கோவிலில் இரண்டு பேர் இறந்தார்கள். கூட்டத்துக்கு இடம் வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எவ்வளவு இடம், யார் வீட்டை இடித்து என்பதில்தான் சிக்கல். கோவிலைச் சுற்றி 5 ஏக்கர் நிலம் எடுத்து விரிந்த வளாகம் கட்ட மாநில அரசு திட்டமிட்டது. அதற்குக் கோவில் பணத்தைப் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் அனுமதித்தது. கோஸ்வாமிகளும் வியாபாரிகளும் எதிர்த்தார்கள். ஆகஸ்டில் நீதிமன்றம் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்று, நிர்வாகத்தைக் கவனிக்க ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழுவை அமைத்தது. உடைக் கடையும் பட்டறையும் கூப்பிடு தூரத்தில் இருப்பதுதான் இந்தத் தொழிலின் உயிர். நாடா நீளவில்லை என்றால் பையன் ஓடிப்போய் ஐந்து நிமிடத்தில் தைத்து வாங்கி வருவான். அகலச் சாலையும் வளாகமும் வந்து, பட்டறை ஊருக்கு வெளியே போய்விட்டால் அந்த ஐந்து நிமிடம் அரை நாளாகும். அப்போது தொலைவில் இருக்கும் இயந்திரத்துக்கும் பட்டறைக்கும் வித்தியாசம் இருக்காது.

இவ்வளவுக்கும் நடுவில் வேலை நடக்கிறது. பிருந்தாவனத்து உடை பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் மட்டுமல்ல, கடல் கடந்து உள்ள கிருஷ்ணர் கோவில்களுக்கும் போகிறது. இஸ்கான் 1975இல் இங்கே கிருஷ்ண பலராமர் கோவிலைத் திறந்ததிலிருந்து வெள்ளைக்காரப் பக்தர்கள் அளவு குறித்த சீட்டுடன் பட்டறைகளுக்கு வந்து போகிறார்கள். அங்குலமும் சென்டிமீட்டரும் குழம்பினால் படத்தைக் காட்டி முடித்துக்கொள்கிறார்கள்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோகுலாஷ்டமிக்கு முந்தைய வாரம் ஊரில் கால் வைக்க இடம் இராது. உடை வாங்கவும் பட்டறை பார்க்கவும் பண்டிகை முடிந்த பின் வரும் நாட்களே நல்லது. வாங்கும் உடையைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத் தையலைப் பாருங்கள். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். பின்பக்கம் பார்க்கத் தெரிந்தவருக்கு அவர் மேல் அலமாரியைத் திறப்பார். அந்த நாட்களில் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தால் இன்னொரு காட்சியும் கிடைக்கும். வெளியே ஆவணியின் புழுக்கம். மின்விசிறி சுற்றினால் நறுக்கிய தப்கா பறந்துவிடும் என்று அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முதுகில் வியர்வை வழிய, நான்கு பேர் கருஞ்சிவப்பு வெல்வெட்டில் மார்கழிக் குளிருக்கான உடையைத் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்று மாதம் முன்னால் தொடங்கினால்தான் குழந்தைக்குக் குளிராது.